பழைய காருக்கு வேற எஞ்சின் ஏத்தும்போது டிஸ்ட்ரிபியூட்டர் இடிக்குதா? திரும்பத் திரும்பக் கேக்குற கேள்விகளும் பதிலும்

கும்பகோணத்துல எங்க வீட்டு ஷெட்டுல ஒரு பழைய பத்மினி காரு நிக்குது, 1999-ல அப்பா இருந்தப்போ அதுல மாருதி ஜிப்ஸியோட 1.3 லிட்டர் எஞ்சினும் கியர்பாக்ஸும் ஏத்துனோம், இன்னிக்கும் ஓடுது. பானெட்ட தொறந்தா போதும், மண்டப வாசலா இருந்தாலும் சரி பெட்ரோல் பங்கா இருந்தாலும் சரி யாராவது வந்து எட்டிப் பாத்து "டிஸ்ட்ரிபியூட்டர் பின்னாடி இடிக்கலையா"ன்னு கேக்குறாங்க. இடிச்சுது. அத சரி பண்ண எங்களுக்கு எஞ்சின் ஏத்துனத விட அதிக நாள் ஆச்சு. மன்னார்குடி, பட்டுக்கோட்டை, நாகப்பட்டினம் பக்கமிருந்தெல்லாம் போன் பண்ணி ஒரே சந்தேகத்த கேக்குறாங்க, அதனால கேட்டவங்க கேட்ட மாதிரியே கேள்விய எழுதி எனக்குத் தெரிஞ்ச பதில போட்டுருக்கேன்.

அண்ணே மொதல்ல டிஸ்ட்ரிபியூட்டர்னா எது, அது மட்டும் ஏன் எல்லா வண்டிலயும் இடிக்குது?

பேட்டரி கரண்ட்ட பல மடங்கு ஏத்திக் குடுக்குற காயில்லேர்ந்து ஒரு தடி வயர் போயி ஒரு கருப்பு மூடிக்குள்ள எறங்கும், அங்கேர்ந்து ஒவ்வொரு பிளக்குக்கும் ஒரு வயர் பிரியும், அதுதான். மூடிக்குள்ள ரோட்டார் சுத்தும், எந்த சிலிண்டருக்கு முறையோ அதுக்கு கரண்ட்ட தள்ளிவிடும். வால்வ தொறக்குற கேம் ஷாஃப்டோட சேந்து சுத்துறதால கிராங்க், அதாவது பிஸ்டன் சுத்துற பெரிய தண்டு, 2 சுத்து சுத்துனா இது 1 சுத்து சுத்தும், இத ஞாபகம் வச்சுக்கங்க, டைமிங், அதாவது பிளக்குல நெருப்பு வர்ற நேரம் பத்தி பேசும்போது திரும்ப வரும்.

இடிக்கிற காரணம் ரொம்ப சிம்பிள். எஞ்சின் செஞ்சவன் அவன் காருல எங்க எடம் இருந்துச்சோ அங்க வச்சான், உங்க காரு அவனுக்குத் தெரியாது. அம்பாசிடரோட 1489 சிசி எஞ்சின்ல அது பிளாக்கோட வலது பக்கவாட்டுல நிக்கும். ஜிப்ஸி, ஆம்னி மாதிரி சுசுகி எஞ்சின்ல ஹெட்டோட பின்முனையில இருக்கும், அதாவது நீளவாக்குல வச்சா நேரா டேஷ்போர்டு பக்கத்து தகரச் சுவரப் பாத்துக்கிட்டு இருக்கும். அமெரிக்காவுலயும் இதே கததான், 1955-ல வந்த ஷெவர்லே சின்ன வி8-க்கு பின்னாடி, ஃபோர்டோட சின்ன வி8-க்கு முன்னாடி, அதனால அங்க எஞ்சின் மாத்துறவங்களுக்கும் முதல் தலைவலி இதுதான்.

எவ்வளவு கேப் விட்டா போதும்? ஒரு வெரல் நுழைஞ்சா ஓகேன்னு எங்க மெக்கானிக் சொல்றாரு

நிக்கிற வண்டிக்கு ஒரு வெரல் போதும், ஓடுற வண்டிக்கு போதாது. நான் 25 மில்லிமீட்டர் கேப்பேன், எஞ்சின் உக்காந்திருக்குற பவுண்டேஷன் ரப்பர் பழசா இருந்தா அதுக்கு மேலயும் கேப்பேன். ஒரு கேப்ப மட்டும் பாத்தா பத்தாது, எஞ்சின் ஆடும்போது இடிக்காம இருக்கணும், டைமிங் வைக்க டிஸ்ட்ரிபியூட்டர் பாடிய ரெண்டு பக்கமும் திருப்ப முடியணும், ரெண்டு கிளிப்பையும் எடுத்து மூடிய கழட்டி வெளிய கொண்டுவர முடியணும். கடைசியா சொன்னத யாரும் பாக்குறதே இல்ல. ராத்திரி வேதாரண்யம் ரோட்டுல பாயிண்ட், அதாவது மூடிக்குள்ள காயில் கரண்ட்ட விட்டு விட்டு வெட்டுற முனை, சுத்தம் பண்ண மூடிய கழட்டணும்னா ஸ்க்ரூ டிரைவரோட கை உள்ள போகணும்ல.

இன்னொண்ணு, தொடாமலேயே தொல்ல குடுக்கும். பிளக் வயர்ல 20,000 வோல்ட் வாக்குல வரும், காத்துல தோராயமா 3,000 வோல்ட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் தாண்டும், அப்ப மூடியில மயிரிழை வெடிப்பு இருந்தாலோ வயர் தோல் உரிஞ்சிருந்தாலோ 6, 7 மில்லிமீட்டர் தூரத்துல இருக்குற தகரத்துக்கு கரண்ட் தாவும். பாக்க இடிக்காத மாதிரியே இருக்கும், வண்டி இருமும்.

அத எப்படிங்க அளக்குறது, எஞ்சின் ஆடும்போது ஸ்கேல் வச்சு பாக்க முடியுமா?

முடியாது, அதுக்குத்தான் களிமண். நம்ம ஊர்ல இருக்குறவங்களுக்கு இது ஒரு வசதி, வயல்லயோ ஆத்தோரத்துலயோ ரெண்டு கை மண்ணு எடுத்தா போதும். சுவாமிமலை ஸ்தபதிங்க சிலைக்கு அச்சு எடுக்குறது இதே காவிரி வண்டல்லதான், மெழுகுல இருக்குற நகக் கீறலக்கூட அது புடிச்சுக்கும்னா டிஸ்ட்ரிபியூட்டர் மூடிய புடிக்காதா.

கல்லு, வேரு எல்லாம் எடுத்துட்டு மண்ண சப்பாத்தி மாவு பதத்துக்கு பெசஞ்சு, அடை மாதிரி 40 மில்லிமீட்டர் தடிமனுக்கு தட்டி, மூடிக்கு எதிர்ல இருக்குற தகரச் சுவர்ல ஒட்டுங்க. மூடி மேல ஒட்டாதீங்க, ஈர மண்ணு வழியா கரண்ட் எறங்கிடும். மண்ணு மேல எண்ணெய் தடவின பாலிதீன் கவர் ஒண்ணு போத்திடுங்க. இப்ப எஞ்சின ஸ்டார்ட் பண்ணி, ஒருத்தர் உள்ள உக்காந்து பிரேக்க நல்லா மிதிச்சுக்கிட்டு முதல் கியர்ல கிளட்ச்ச பாதி விட்டு எஞ்சின முறுக்க விடணும், அப்புறம் ரிவர்ஸ்ல அதே மாதிரி. வண்டிக்கு முன்னாடியோ பின்னாடியோ யாரும் நிக்கக் கூடாது, கொழந்தைங்கள ஷெட்டுக்கு வெளிய அனுப்பிடுங்க. ஆஃப் பண்ணிட்டு கவர எடுத்தா மூடியோட வட்டமும் வயர் சொருகுற குழலோட முனையும் மண்ணுல அப்படியே பதிஞ்சிருக்கும். ஆழமான பள்ளத்துல கத்திய வச்சு வெட்டி மிச்சம் இருக்குற தடிமன அளங்க, அதுதான் உங்க உண்மையான கேப். எங்க வண்டியில நிக்கும்போது 22 இருந்துச்சு, மண்ணுல மிஞ்சுனது 9. அந்த 9-அ கண்ணால பாத்த பிறகுதான் எடம் பத்தலன்னு அப்பா ஒத்துக்கிட்டாரு.

பானெட்டுக்கு அடியில உயரம் பத்தலயோன்னு சந்தேகம்னா இதே மண்ண பானெட் உள்பக்கம் அப்பி மெதுவா மூடித் தொறந்து பாருங்க.

எஞ்சின் எந்தப் பக்கம் சாயும்னு முன்னாடியே தெரிஞ்சுக்க முடியுமா சார்?

முடியும். நீளவாக்குல வச்ச எஞ்சின் பெரும்பாலும் முன்னாடி நின்னு பாத்தா கடிகாரம் சுத்துற பக்கம் சுத்தும். அப்ப முன் கியர்ல முறுக்கும்போது எஞ்சினோட தலை டிரைவர் சீட்லேர்ந்து பாத்தா வலது பக்கம் சாயும், ரிவர்ஸ்ல இடது பக்கம் சாயும். நம்ம ஊர்ல ஸ்டீயரிங் வலது பக்கம், அதனால வலது பக்கம் டிஸ்ட்ரிபியூட்டர் இருக்குற எஞ்சின் கிளப்பும்போதெல்லாம் ஸ்டீயரிங் தண்ட நோக்கித்தான் போகும். களிமண் சோதனைய ரிவர்ஸ்லயும் பண்ணச் சொன்னது இதுக்குத்தான், பின்னாடி எடுக்கும்போது மட்டும் டொக்குன்னு சத்தம் வருதுன்னு சொல்றவங்க இடது பக்கம் பாருங்க.

தம்பி, மவுண்டிங் எல்லாம் வெல்டிங் அடிச்சு முடிச்சாச்சு, இப்பதான் மூடி மாட்டப் போறேன், மாட்ட முடியல. என்ன பண்றது?

இதே தப்ப நாங்களும் பண்ணோம். பட்டறையில எஞ்சின தூக்கி வச்சப்போ டிஸ்ட்ரிபியூட்டர் கழட்டி சாக்குல தனியா இருந்துச்சு, ஏர் ஃபில்டர் இல்ல, ஃபேன் இல்ல, மொட்டை எஞ்சின்தான். எல்லாம் அழகா உக்காந்துச்சேன்னு பிராக்கெட்ட முழுசா வெல்டிங் அடிச்சாங்க. அப்புறம் டிஸ்ட்ரிபியூட்டர நெம்பி உள்ள விட்டு எப்படியோ மாட்டிக் குடுத்துட்டாங்க. அந்த ஐப்பசியில மயிலாடுதுறையிலேர்ந்து ராத்திரி திரும்பி வரும்போது குத்தாலத்துக்கு இந்தப் பக்கம் ஒரு ஸ்பீடு பிரேக்கர்ல மூடி தகரத்துல மோதி வெடிச்சுது, வண்டி ரெண்டு சிலிண்டர்ல இருமி இருமி நின்னுடுச்சு. மூடிய கழட்டலாம்னா பின்பக்கத்துக் கிளிப்புக்கு கை போகல. அப்பாவும் நானும் மழையில லாரி புடிச்சுத்தான் வீடு வந்தோம்.

வெல்டிங்க வெட்டி திரும்ப வைங்க, வேற வழி இல்ல. இந்த முற டிஸ்ட்ரிபியூட்டர், மூடி, பிளக் வயர், ஃபேன், ஏர் ஃபில்டர், சைலன்சர் பைப் எல்லாத்தையும் மாட்டுன எஞ்சின தூக்கி வைங்க, பிராக்கெட்ட நாலு பொட்டு மட்டும் வச்சு நிறுத்துங்க, மேல சொன்ன மூணு கேப்பையும் பாத்துட்டு அப்புறம் முழுசா அடிங்க. பொட்டு வச்ச நெலமையில எஞ்சின ஸ்டார்ட் பண்ணக் கூடாது, அந்த நேரத்துல கட்டைய வச்சு கையால நெம்பி ஆட்டிப் பாருங்க, ஸ்டார்ட் பண்ற சோதனை முழு வெல்டிங்குக்கு அப்புறம்தான்.

சுத்தியால தகரத்த ரெண்டு தட்டு தட்டி பள்ளம் பண்ணிட்டா முடிஞ்சுதே, எதுக்கு இவ்வளவு?

10 மில்லிமீட்டருக்குள்ள வேணும்னா, அந்த எடத்துல தையல், வெல்டிங் எதுவும் இல்லன்னா, தட்டலாம். ஆனா அம்பாசிடர், பத்மினி ரெண்டுக்கும் தனி சேஸ் கிடையாது, பாடியே சேஸ், அந்தத் தகரச் சுவரும் பாரம் தாங்குது. ஜீப்புன்னா சேஸ் தனி, அங்க கொஞ்சம் தைரியமா வெட்டலாம். தட்டுறதுக்கு முன்னாடி உள்ள போயி பாருங்க, வைப்பர் மோட்டர், வயர் கட்டு, பிரேக் மாஸ்டர் சிலிண்டர் போல்ட்டு எல்லாம் அந்தப் பக்கம்தான் இருக்கும்.

அதுக்கு மேல பள்ளம் வேணும்னா தட்டாதீங்க, வெட்டி எடுத்துட்டு 18 கேஜ் தகரத்துல, அதாவது 1.2 மில்லிமீட்டர்ல, ஒரு டப்பா மாதிரி செஞ்சு உள்பக்கமா வச்சு சுத்தி வெல்டிங் அடிச்சு, சீலர் தடவி பெயிண்ட் அடிக்கணும். நல்ல டிங்கர் கையில குடுத்தா கம்பெனி வேல மாதிரி இருக்கும். இது கடைசி வழிங்கறது என் கருத்து. எஞ்சின நகத்த முடியுமான்னு பாத்துட்டுத்தான் வண்டிய வெட்டணும், வெட்டுன தகரம் திரும்ப வராது.

சரி எஞ்சின முன்னாடி தள்ளுனா என்ன ஆகும்? கீழ எறக்குனா?

முன்னாடி தள்ளுறது பெரும்பாலும் நல்ல வழி, நாங்க கடைசியில 30 மில்லிமீட்டர் தள்ளித்தான் சரி பண்ணோம். ஆனா கியர்பாக்ஸும் கூடவே வரும், கியர் லீவர் ஓட்டை நகரும், பின்னாடி போற ஷாஃப்ட் அத்தன மில்லிமீட்டர் வெளிய இழுபடும். ஷாஃப்ட் முனையில சறுக்குற பல் வெட்டு, அதான் ஸ்ப்லைன், உள்ள எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பாருங்க, கம்மியா இருந்தா ஷாஃப்ட நீளம் பண்ணி பேலன்ஸ் போடணும். முன்னாடி ஃபேன் ரேடியேட்டர நெருங்கும், பிரேக் அடிக்கும்போது எஞ்சின் முன்னாடி சாயும்ல, ஃபேன் போயி ரேடியேட்டர கிழிச்சா செலவு டிஸ்ட்ரிபியூட்டர் மூடி மாதிரி பத்து மடங்கு. எடம் பத்தலன்னா எஞ்சின் ஃபேன கழட்டிட்டு ரேடியேட்டருக்கு முன்பக்கம் எலக்ட்ரிக் ஃபேன் போடுங்க, சித்திர வெயில்ல அதுக்கு சென்சார் ஒழுங்கா வேல செய்யணும்.

கீழ எறக்குனா ஆயில் சம்ப்பு கீழ இருக்குற குறுக்குச் சட்டத்துல, அதான் கிராஸ் மெம்பர்ல, உக்காரும், ரோட்டுக்கும் கிட்ட வரும். நம்ம வாய்க்கால் கரை ரோடுகள்ல சம்ப்பு கல்லுல பட்டா எஞ்சினே போயிடும், நான் எறக்கச் சொல்ல மாட்டேன். பின்பக்கம் மட்டும் கொஞ்சம் எறக்கினா டிஸ்ட்ரிபியூட்டர் சுவர விட்டு கீழ போகும், ஆனா ஷாஃப்டோட கிராஸ் ஜாயிண்ட் கோணம் மாறி 60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல அதிர்வு வரும்.

மூடி இடிக்கல, ஆனா சைடுல இருக்குற வட்ட டப்பா பிளாக்குல இடிக்குது, டைமிங் வைக்கவே முடியல

அது வேக்கும் அட்வான்ஸ் டப்பா, எஞ்சின் உறிஞ்சுற வேக்குமுக்கு ஏத்த மாதிரி டைமிங்க தானா நகத்தும். இங்கதான் நெறைய பேரு மூடியில இருக்குற 1-ங்கிற எடம் கம்பெனி வச்ச பக்கமேதான் இருக்கணும்னு நெனைக்கிறாங்க. அப்படி இல்லங்க. முதல் சிலிண்டர் வெடிக்கிற நேரத்துல ரோட்டார் எந்தக் குழலப் பாக்குதோ அதுதான் 1, அங்கேர்ந்து ரோட்டார் சுத்துற பக்கமா வரிசைய மாட்டிக்கிட்டு போங்க. அம்பாசிடர்னா 1-3-4-2, ரோட்டார் எதிர்க்கடிகாரமா சுத்தும். மாருதி 800, ஆம்னி 3 சிலிண்டர்னா 1-3-2.

டிஸ்ட்ரிபியூட்டர் தண்டுலயே பல் சக்கரம் இருந்தா தூக்கி ஒரு பல்லு நகத்தி எறக்குங்க, பாடியும் டப்பாவும் அந்த அளவு திரும்பிடும். அம்பாசிடர்ல தண்டு முனையில ஒரு பக்கம் தள்ளி இருக்குற நாக்குதான் இருக்கும், அது ஒரே பக்கம்தான் உக்காரும், அதுக்குக் கீழ இருக்குற டிரைவ் ஸ்பிண்டில் வேற பல்லுல வச்சா மாறும். அதுல 5/16 யுஎன்எஃப் போல்ட்டு நீளமா ஒண்ண திருகி மெதுவா சுத்திக்கிட்டே வெளிய இழுங்க. இழுக்குறதுக்கு முன்னாடி முதல் சிலிண்டர கம்ப்ரெஷன்ல பிஸ்டன் மேல வந்த எடத்துல நிறுத்தி, ஸ்பிண்டில் தலையில இருக்குற வெட்டு எந்தப் பக்கம் பாக்குதுன்னு போட்டோ எடுத்துக்கங்க. டிஸ்ட்ரிபியூட்டர 1 டிகிரி திருப்புனா கிராங்க்ல 2 டிகிரி மாறும், அதனால தட்டித் தட்டித் திருப்பாதீங்க.

அந்த டப்பாவையே கழட்டி எறிஞ்சுட்டா? ரேஸ் வண்டியில எல்லாம் இல்லையாமே

முழு ஆக்ஸிலேட்டர்ல எப்பவும் ஓட்டுறவங்களுக்கு வேக்கும் இருக்காது, அதனால டப்பாவும் வேண்டாம். நம்ம கால்வாசி ஆக்ஸிலேட்டர்ல தஞ்சாவூர் போயிட்டு வர்றவங்க. அந்த நேரத்துல டைமிங்க முன்னாடி கொண்டுவந்து மைலேஜ் குடுக்குறது அதுதான். கழட்டுனா பெட்ரோல் அதிகம் குடிக்கும், எஞ்சின் சூடு கூடும். ஒரு பல்லு மாத்துற வேலைக்கு சோம்பல்பட்டு ஆயுசுக்கும் பெட்ரோல் காசு குடுக்கணுமா.

லேத்துல குடுத்து டிஸ்ட்ரிபியூட்டர் கழுத்த கொஞ்சம் கட் பண்ணலாமா, இல்ல அடியில வாஷர் வச்சு தூக்கலாமா?

ரெண்டும் வேண்டாம். வாஷர் வச்சு தூக்குனா பல் சக்கரம் பாதிதான் கடிக்கும், பல்லு தேஞ்சு அந்த இரும்புத் தூள் ஆயில்ல போகும். கழுத்த வெட்டுனா உள்ள தண்ட தாங்குற புஷ் குட்டையாகி தண்டு ஆடும், பாயிண்ட் கேப் நிக்காது, அம்பாசிடர்ல அது 0.35-லேர்ந்து 0.40 மில்லிமீட்டர்தான், தண்டு ஆட்டமே அதத் தின்னுடும். வயர் மேல் பக்கம் போற மூடிக்கு பதிலா பக்கவாட்டுல போற மூடி உங்க மாடலுக்கு கெடைக்குதான்னு சென்னை புதுப்பேட்டையில தேடிப் பாருங்க, அது ஒண்ணே நல்ல உயரம் கொறைக்கும்.

பாயிண்ட் எடுத்துட்டு எலக்ட்ரானிக் போட்டா சின்னதாயிடுமா?

ஆகாது. உள்ள இருக்குற பாயிண்டும் கண்டன்சரும்தான் மாறும், மூடியும் பாடியும் அதேதான். ஆனா மூடிய அடிக்கடி தொறக்குற வேல கொறையும், கை நுழையாத எடத்துல அது பெரிய உதவி.

டிஸ்ட்ரிபியூட்டரே இல்லாம காயில் பேக் போட்டுடலாமா? பையன் யூட்யூப்ல பாத்துட்டு ஒத்தக்கால்ல நிக்கிறான்

போடலாம், இடம் பிரச்சன முழுசா தீரும். கிராங்க் புல்லியில பல் வட்டம், அதுக்கு ஒரு சென்சார், ஒரு கண்ட்ரோல் பெட்டி, 4 சிலிண்டர்னா ரெட்டை காயில். ஒரே நேரத்துல ரெண்டு பிளக்குல நெருப்பு வரும், ஒண்ணு கம்ப்ரெஷன்ல இருக்குற சிலிண்டர், இன்னொண்ணு புகைய வெளிய தள்ளுற சிலிண்டர், அதுல வீணாப் போறதால கெடுதல் இல்ல.

ஒரு விஷயம் மட்டும் பாத்துட்டு கழட்டுங்க. சில எஞ்சின்ல டிஸ்ட்ரிபியூட்டர் தண்டோட அடி முனைதான் ஆயில் பம்ப சுத்தும், மேல சொன்ன ஷெவர்லே வி8 அப்படித்தான். அத தூக்கிட்டு ஓட்டைய மூடினா ஆயில் பிரஷர் இல்லாம பேரிங் போயிடும். அந்த மாதிரி எஞ்சின்ல மேல் பாதிய வெட்டிட்டு தண்டு, பல் சக்கரம், கீழ் பாதிய அப்படியே விட்டு மேல தகடு போட்டு மூடணும். இன்னொண்ணு, ராத்திரி ரோட்டுல பாயிண்ட உப்புத்தாள்ல தேய்ச்சு வீடு வந்துடலாம், கண்ட்ரோல் பெட்டி போனா அந்த வழி இல்ல. அவங்கவங்க ஓட்டுற தூரத்தப் பாத்து முடிவு பண்ணுங்க.

டீசல் எஞ்சின் ஏத்துனா இந்தத் தொல்லையே இல்லதானே?

டிஸ்ட்ரிபியூட்டர் இல்ல, டீசல் பம்ப் இருக்கும். அது அத விடப் பெருசு, கனமும் ஜாஸ்தி, பைப்பு வளைய எடம் வேணும். களிமண் அங்கயும் வேணும்.

மழைக்கு டியூப் வெட்டி சுத்திக் கட்டியிருக்கேன், கேப் கம்மியானாலும் தண்ணி போகாதுல்ல?

ஐப்பசி, கார்த்திகையில திருவாரூர் பக்கம் ரோட்டு மேலயே தண்ணி ஓடும்போது ஃபேன் அள்ளி அடிக்கிற தண்ணி மூடி மேலதான் விழும், மறைப்பு கண்டிப்பா வேணும். ஆனா காத்துப் புகாம இறுக்கிக் கட்டாதீங்க. உள்ள பொறி பறக்கும்போது ஓசோன் உண்டாகும், ஈரத்தோட சேந்து பித்தளை முனைய பச்சை புடிக்க வைக்கும். அடிப்பக்கம் தொறந்த மாதிரி பாவாடையா தொங்க விடுங்க. டியூப் தடிமன் எவ்வளவோ அதையும் கேப் கணக்குல கழிச்சுக்கணும், சூடான சைலன்சர் பைப்புக்குப் பக்கத்துல போகக் கூடாது. நாகப்பட்டினம் கடலோரத்துல இருக்குறவங்க மாசம் ஒருதரம் மூடிய காஞ்ச துணியால தொடைச்சிடுங்க, உப்புப் படிஞ்சா கரண்ட் அது மேல ஊர்ந்து போகும்.

ஆர்டிஓ ஆபீஸ்ல ஒத்துக்குவாங்களா?

வேலைய ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கேக்க வேண்டிய கேள்வி இது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52. 2000-ல வந்த திருத்தத்துக்கு அப்புறம் கம்பெனி குடுத்த விவரத்துக்கு மாறா வண்டிய மாத்தக் கூடாது, எஞ்சின் மாத்துனா அதே கம்பெனி அதே வகையா இருக்கணும், பதிவு அதிகாரியோட ஒப்புதல் வாங்கி ஆர்சியில புது எஞ்சின் நம்பர் ஏத்தணும். எங்க வண்டி அந்தத் திருத்தத்துக்கு முன்னாடி அனுமதி வாங்கி ஏத்துனது, அதக் காட்டி இப்ப நீங்க பண்ண முடியாது. வேற கம்பெனி எஞ்சின் ஏத்தி நம்பர் ஏத்தாம ஓட்டுனா விபத்துன்னு வரும்போது இன்சூரன்ஸ்ல சிக்கல் வரும். எஞ்சின் வாங்குன பில்ல பத்திரமா வைங்க, திருட்டு எஞ்சின் இல்லன்னு காட்ட அதுதான் சாட்சி.

எல்லாம் நீங்க சொன்ன மாதிரி பண்ணிட்டேன், 25 இருக்கு, எங்கயும் இடிக்கல, ஆனா ரயில்வே மேம்பாலம் ஏறும்போது மட்டும் இருமுது

நம்ம டெல்டாவுல எஞ்சின் நல்லா முறுக்குற ஒரே எடம் மேம்பாலம்தான், அதனால அங்க மட்டும் தெரியும். எஞ்சின் சாயும்போது எது இழுபடுதுன்னு பாருங்க. காயில் வண்டி பாடியில இருக்கும், டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சின்ல இருக்கும், நடுவுல போற சின்ன வயர் டைட்டா இருந்தா எஞ்சின் சாயும்போது விட்டு விட்டு கனெக்‌ஷன் போகும். எஞ்சின் பழைய எடத்துலேர்ந்து நகந்த வண்டியில எல்லாம் அந்த வயர் பத்தாம இருக்கும், 10 சென்டிமீட்டர் தொளதொளன்னு விட்டு மாத்துங்க. எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவுல இருக்குற எர்த் பட்டையும் அப்படித்தான்.

அதுவும் சரின்னா மூடிக்குள்ள பாருங்க. பாயிண்ட் தட்டுக்கு ஒரு மெல்லிசான துணி சுத்துன எர்த் வயர் இருக்கும், வேக்கும் டப்பா தட்ட இழுக்கும்போது கூடவே வளையும், பழசானா தோலுக்குள்ள கம்பி அறுந்து துணி மட்டும் நிக்கும், கண்ணுக்கு முழுசா இருக்குற மாதிரியே தெரியும். வெரலால லேசா இழுங்க. ரப்பர் மாதிரி நீண்டா உள்ள கம்பி இல்ல.